பூஜ்யம் காட்டிய ரெப்ளிகா

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 5:58க்கு, நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் முதன்மை டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற நிறுவனம் அது. சின்ன ஹோட்டல்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், தெருமுனைக் கடைக்காரர்கள் எல்லாரும் காலை 5:30லிருந்து ஆப்பில் ஆர்டர் போடுவார்கள். ஏழரைக்குள் வண்டிகள் கிளம்பியாக வேண்டும்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே வேறொரு டேட்டா சென்டரில் ஒரு நகல் சர்வர் வைத்திருந்தோம். முதன்மையில் என்ன எழுதினாலும் உடனே அங்கேயும் எழுதப்படும். ரெப்ளிகா என்போம். மேனேஜர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரெப்ளிகா சரியா இருக்கா?" டாஷ்போர்டைப் பார்த்தேன். பின்தங்கல் 0 வினாடி, பச்சை விளக்கு. "ஜீரோ சார், மாத்திடலாம்" என்றேன். மாற்றினோம். சில நிமிஷத்தில் ஆப் மறுபடி ஓடியது. பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பில் டீ குடிக்கப் போனேன்.

ஏழு மணிக்கு முதல் போன். மெஸ் நடத்தும் ஒரு அம்மா. "ஆர்டர் ஏத்துக்கிட்டோம்னு உங்க மெசேஜ் வந்துச்சே தம்பி, ஆப்ல காணோம்? ஞாயித்துக்கிழமை. வெங்காயம் இல்லாம நான் அடுப்பு பத்த வைக்க முடியுமா?" அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. 5:30லிருந்து 5:58 வரை, 28 நிமிஷத்தில் வந்த ஒரு ஆர்டர்கூட ரெப்ளிகாவில் இல்லை. இன்னும் மோசமான ஒன்று: ரெப்ளிகா தனக்குத் தெரிந்த கடைசி எண்ணிலிருந்தே புது ஆர்டர்களுக்கு எண் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதனால் ஒரே ஆர்டர் எண் இரண்டு கடைக்காரர்கள் கையில். ஒருத்தர் தக்காளி இன்னொருத்தர் வாசலில் இறங்கியது.

அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து, மெசேஜ் போன எண்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்காகப் போன் செய்து, "என்ன ஆர்டர் போட்டீங்கன்னு ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்டு எழுதினோம். பாதிப் பேருக்கு நினைவில்லை.

அந்த 0 பொய் சொன்னதா? இல்லீங்க. அதனிடம் இருந்த கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் காட்டியது. நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நகல் எடுப்பது எப்படி நடக்கிறது

மை எஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டிலும் அடிப்படை யோசனை ஒன்றுதான். முதன்மை சர்வர், அதாவது ப்ரைமரி, தன்னிடம் நடக்கும் மாற்றங்களை வரிசையாக ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே போகும். மை எஸ்கியூஎல்லில் அதற்கு பின்லாக் என்று பெயர். போஸ்ட்கிரஸில் வால். ரெப்ளிகா அந்தப் பதிவேட்டை நெட்வொர்க் வழியாக வாங்கி, தன் டிஸ்கில் போட்டு, பிறகு முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தானும் செய்து பார்க்கும்.

ஆக, மூன்று வேலை. ஒன்று, ப்ரைமரி அனுப்புவது. இரண்டு, ரெப்ளிகா வாங்கி வைப்பது. மூன்று, வாங்கியதைச் செயல்படுத்துவது. மை எஸ்கியூஎல்லில் இரண்டாவது வேலையை ஐஓ த்ரெட் என்கிற ஆள் செய்வார். மூன்றாவதை எஸ்கியூஎல் த்ரெட் என்கிற இன்னொரு ஆள். போஸ்ட்கிரஸில் வாங்குவதற்கு வால் ரிசீவர், செயல்படுத்துவதற்கு ஸ்டார்ட்அப் ப்ராசஸ்.

இந்த மூன்றில் எங்கே தாமதம் ஆனாலும் ரெப்ளிகா பின்தங்கும். ஆங்கிலத்தில் லேக் என்பார்கள். பதிவேட்டைக் குறிக்கும் லாக், பூட்டைக் குறிக்கும் லாக் என்று ஏற்கெனவே தமிழில் குழப்பம் போதும் என்பதால் நான் பின்தங்கல் என்றே எழுதுகிறேன்.

அந்த 0 எதை அளந்தது

எங்கள் டாஷ்போர்டு காட்டியது மை எஸ்கியூஎல்லின் செகண்ட்ஸ்_பிஹைண்ட்_மாஸ்டர் என்ற எண். 8.0.22க்குப் பிறகு அதற்கு செகண்ட்ஸ்_பிஹைண்ட்_சோர்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயரைப் பார்த்தால் 'ப்ரைமரியைவிட எத்தனை வினாடி பின்னால்' என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது கணக்கிடுவது ரெப்ளிகாவுக்குள்ளேயே. எஸ்கியூஎல் த்ரெட் இப்போது செயல்படுத்திக்கொண்டிருக்கும் மாற்றம் ப்ரைமரியில் எத்தனை மணிக்கு நடந்தது என்று பார்த்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்துச் சொல்லும். செயல்படுத்த எதுவுமே பாக்கி இல்லையென்றால், ஐஓ த்ரெட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், 0.

கடிதப் போக்குவரத்தாக நினைத்துப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பையனிடம், "அப்பா எழுதினது எல்லாம் படிச்சிட்டியா?" என்று கேட்கிறீர்கள். "வந்த கடிதம் எல்லாம் படிச்சாச்சு" என்கிறான். உண்மைதான். ஆனால் அப்பா எழுதிய நாலு கடிதம் வழியில் எங்கோ தபால் பையில் கிடக்கிறது. வராத கடிதத்தைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும்? அவனைக் கேட்டுப் பயனில்லை. அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

மை எஸ்கியூஎல் கையேடே இதை மறைக்கவில்லை. நெட்வொர்க் மெதுவாக இருந்தால், மெதுவாக வரும் ஐஓ த்ரெட்டை எஸ்கியூஎல் த்ரெட் அடிக்கடி எட்டிப்பிடித்துவிடும், அப்போது ப்ரைமரி எவ்வளவோ முன்னால் போயிருந்தாலும் 0 காட்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

சரி, எங்களுடைய ஐஓ த்ரெட் எப்படி 28 நிமிஷம் ஒன்றும் வராமலேயே 'ஓடிக்கொண்டு' இருந்தது? இங்கேதான் ஃபயர்வால் வருகிறது. இரவு வேலைகள் எல்லாம் 5:04க்கு முடிந்திருந்தன. அதற்குப் பிறகு 5:30 வரை டேட்டாபேஸில் எழுத எதுவும் இல்லை. இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த ஃபயர்வால், 15 நிமிஷம் பேச்சுமூச்சு இல்லாத இணைப்புகளை மறந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாது. அதற்குப் பிறகு வரும் பாக்கெட்டுகளை ஓசையில்லாமல் கீழே போட்டுவிடும். 5:30க்கு முதல் ஆர்டர் வந்தபோது ப்ரைமரி அனுப்பியது. ஃபயர்வால் கீழே போட்டது. ரெப்ளிகா எதையும் கேட்கவில்லை. கேட்காததை அது 'ப்ரைமரியில் வேலை இல்லை போல' என்று எடுத்துக்கொண்டது.

ரெப்ளிகா எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருக்கும் என்பதற்கு ஒரு அமைப்பு உண்டு: ஸ்லேவ்_நெட்_டைம்அவுட். 5.7.7க்கு முந்தைய மை எஸ்கியூஎல்லில் அதன் இயல்பு மதிப்பு 3600 வினாடி. முழுசா ஒரு மணி நேரம். எங்களுடையது 5.6. கடைசியாக ஏதோ காதில் விழுந்தது 5:04. அப்படியென்றால் 6:04க்கு அது தானாகவே விழித்து, இணைப்பைத் துண்டித்து, மறுபடி இணைந்து, விட்டதையெல்லாம் வாங்கியிருக்கும். டிஸ்க் இன்னும் ஆறு நிமிஷம் தாக்குப்பிடித்திருந்தால், சில வினாடி கூடுதலாகக் கிடைத்திருந்தால், எதுவுமே தொலைந்திருக்காது. 5.7.7லிருந்து இயல்பு மதிப்பை 60 வினாடியாகக் குறைத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ப்ரைமரிக்குத் தெரியும். லினக்ஸ் இயல்பாகப் பதில் வராத பாக்கெட்டைச் சுமார் 15 நிமிஷம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு இணைப்பைக் கைவிடும். அப்படிப் பார்த்தால் 5:45 வாக்கிலேயே ப்ரைமரியில் ரெப்ளிகாவுக்கு அனுப்பும் த்ரெட் காணாமல் போயிருக்கும். 13 நிமிஷம் அந்தத் தகவல் அங்கே கிடந்தது. நாங்கள் அங்கே பார்க்கவே இல்லை. பின்தங்கியிருப்பது ரெப்ளிகா, அதனால் அதைத்தானே கேட்க வேண்டும் என்று நினைத்தோம்.

போஸ்ட்கிரஸில் இதே கதை, திருப்பிப் போட்டு

"அதான் நாங்க போஸ்ட்கிரஸ் வெச்சிருக்கோம்" என்று சிலர் சொல்வது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

போஸ்ட்கிரஸ் ரெப்ளிகாவில் பலரும் பயன்படுத்துகிற வழி: இப்போதைய நேரத்திலிருந்து பிஜி_லாஸ்ட்_எக்ஸாக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப் தரும் நேரத்தைக் கழிப்பது. அதாவது, கடைசியாக நான் செயல்படுத்திய பரிவர்த்தனை ப்ரைமரியில் எப்போது நடந்தது என்று பார்ப்பது. இதில் வேறு மாதிரிக் கோளாறு. ப்ரைமரியில் ராத்திரி யாரும் எதையும் எழுதவில்லை என்றால், எல்லாம் நன்றாக இருந்தும் இந்த எண் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மணிக்கு அலாரம் அடித்து எழுப்பும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

நாலு ராத்திரி இப்படி எழுந்தவர் என்ன செய்வார்? இணையத்தில் தேடி ஒரு திருத்தம் கண்டுபிடிப்பார். வாங்கிய இடமும் செயல்படுத்திய இடமும் ஒன்றாக இருந்தால் 0 என்று காட்டு, இல்லையென்றால் மட்டும் நேரத்தைக் கழி. அலாரம் நின்றுவிடும். நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் கவனியுங்கள். வாங்கியதையெல்லாம் செயல்படுத்தியாச்சு என்றால் 0. இது அதே பையன், அதே பதில். நெட்வொர்க் அறுந்துபோனால் ரெப்ளிகா புதிதாக எதையும் வாங்காது. பழசை எல்லாம் செயல்படுத்தி முடிக்கும். இரண்டு இடமும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு அந்த எண் ஒரு மணி நேரம் இல்லை, ஒரு வாரம் ஆனாலும் 0 என்றே காட்டும். பொய்யான அலாரத்தை அணைக்கப் போய் உண்மையான அலாரத்தையும் சேர்த்து அணைத்துவிட்டோம். இந்தத் திருத்தத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். நானும் ஒருதடவை போட்டிருக்கிறேன்.

ப்ரைமரியிடம் கேட்டால்

போஸ்ட்கிரஸில் ப்ரைமரி பக்கம் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் என்ற ஒரு பார்வை இருக்கிறது. இணைந்திருக்கும் ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் ஒரு வரி. அதில் நாலு இடங்களைப் பார்க்கலாம்: சென்ட், ரைட், ஃப்ளஷ், ரீப்ளே. பதிவேட்டில் எதுவரை அனுப்பினேன், எதுவரை அது எழுதியது, எதுவரை டிஸ்கில் பத்திரமாக இறக்கியது, எதுவரை செயல்படுத்தியது. ஒவ்வொன்றும் ஒரு பைட் கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை பைட் தேங்கியிருக்கிறது என்று தெரியும். 10ஆம் பதிப்பிலிருந்து இதையே நேரக் கணக்காகவும் தருகிறது.

எந்த இடைவெளி பெரிதாக இருக்கிறது என்பதை வைத்தே நோய் எங்கே என்று சொல்லிவிடலாம்.

ப்ரைமரியின் இப்போதைய இடத்துக்கும் சென்ட் இடத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி என்றால், அனுப்பவே முடியவில்லை. பெரும்பாலும் நெட்வொர்க்.

சென்டுக்கும் ஃப்ளஷுக்கும் நடுவில் என்றால், வழியில் இருக்கிறது, அல்லது ரெப்ளிகாவின் டிஸ்க் திணறுகிறது.

ஃப்ளஷுக்கும் ரீப்ளேவுக்கும் நடுவில் என்றால், வந்து சேர்ந்துவிட்டது, செய்து முடிக்கத்தான் நேரமாகிறது. ப்ரைமரியில் நூறு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். ரெப்ளிகாவில் அதையெல்லாம் ஒரே ஒரு ப்ராசஸ் வரிசையாகச் செய்தாக வேண்டும். அல்லது யாரோ ரெப்ளிகாவில் நீளமான ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கேள்வியோடு மோதும் மாற்றம் வந்தால் போஸ்ட்கிரஸ் இயல்பாக 30 வினாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டை வெட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகியது எனக்கு மிகவும் உதவியது. 'ரெப்ளிகாவில் படிக்கிறவருக்குப் பழைய தகவல் தெரியுமா?' என்பது ரீப்ளே இடத்தைப் பற்றிய கேள்வி. 'ப்ரைமரி இந்த நிமிஷம் செத்தால் எவ்வளவு தொலையும்?' என்பது ஃப்ளஷ் இடத்தைப் பற்றிய கேள்வி. ரீப்ளே பத்து நிமிஷம் பின்னால் இருந்து, ஃப்ளஷ் ஒட்டி இருந்தால், பதற வேண்டியதில்லை. தகவல் வந்துவிட்டது, செய்து முடிக்க நேரம் கொடுத்தால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இதற்கு நேர் எதிர்: வந்ததெல்லாம் செய்தாச்சு, ஆனால் வரவே இல்லை. இரண்டையும் 'பின்தங்கல்' என்ற ஒரே எண்ணில் அடைத்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

மை எஸ்கியூஎல்லிலும் இது முடியும். ப்ரைமரியின் பின்லாக் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, ரெப்ளிகா எதுவரை படித்தது, எதுவரை செயல்படுத்தியது என்று மூன்று இடங்களை எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் எண்ணை ப்ரைமரியிடமிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ப்ரைமரியிடம் கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரெப்ளிகா இணைப்பு அறுந்தால் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் அதன் வரியே காணாமல் போய்விடும். 'பின்தங்கல் 30 வினாடிக்கு மேல் போனால் அலாரம் அடி' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், வரியே இல்லாதபோது எதை 30 வினாடியோடு ஒப்பிடுவது? அலாரம் அடிக்காது. கிராஃபில் கோடு பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். அதனால் எத்தனை ரெப்ளிகா இருக்க வேண்டுமோ அத்தனை வரி இருக்கிறதா என்று எண்ணுகிற அலாரம் தனியாக வேண்டும். ப்ரோமிதியஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, ஒரு எண் வராமலே போனால் கண்டுபிடிக்க ஆப்சென்ட் என்று ஒரு வசதியே இருக்கிறது.

ரெப்ளிகாவுக்காகக் காத்திருந்தால்

ரெப்ளிகா பின்தங்கும்போது ப்ரைமரி பழைய பதிவேட்டை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்? இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு.

சீக்கிரம் அழித்துவிட்டால், பின்தங்கிய ரெப்ளிகா தனக்கு வேண்டிய பக்கம் கிடைக்காமல் நின்றுவிடும். முழு டேட்டாபேஸையும் முதலிலிருந்து நகல் எடுக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் நடந்தது இப்படித்தான் ஆரம்பித்தது. சுமை அதிகமாகி ரெப்ளிகா பின்தங்கியது; அதற்குத் தேவையான வால் பகுதிகள் ப்ரைமரியில் அழிந்திருந்தன. மறுபடி நகல் எடுக்கும் முயற்சியில், ராத்திரி நேரத்தில், ஒரு பொறியாளர் ரெப்ளிகாவின் டேட்டா ஃபோல்டர் என்று நினைத்து ப்ரைமரியின் ஃபோல்டரை அழிக்க ஆரம்பித்தார். ஓரிரு வினாடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், பதிப்பு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். நிறுவனமே இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதற்காக அவர்களை மெச்ச வேண்டும். வராத மின்னஞ்சலையும் 'தோல்வி இல்லை' என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கம், போஸ்ட்கிரஸ் 9.4லிருந்து ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்ற ஏற்பாடு வந்தது. 'இந்த ரெப்ளிகா வாங்கும்வரை எதையும் அழிக்காதே' என்று ப்ரைமரிக்குச் சொல்லிவைப்பது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ரெப்ளிகாவை யாரோ ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டால்? வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருக்கிற கதைதான். 16 எம்பி, 16 எம்பியாக வால் ஃபைல்கள் சேர்ந்து, ஒருநாள் டிஸ்க் நிரம்பி ப்ரைமரியே நின்றுவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். எப்படியானாலும் ஒவ்வொரு ஸ்லாட்டும் எத்தனை ஜிபி பிடித்து வைத்திருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்ற இரண்டையும் கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இதயத் துடிப்பு

எங்களுடைய பிரச்சினைக்குக் கடைசியில் கிடைத்த தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ப்ரைமரியில் ஒரு சின்ன டேபிள். ஒரே ஒரு வரி. ஒவ்வொரு வினாடியும் ஒரு புரோக்ராம் அந்த வரியில் இப்போதைய நேரத்தை எழுதும். அந்த வரியும் மற்ற தகவலைப் போலவே ரெப்ளிகாவுக்குப் போகும். ரெப்ளிகாவில் அதைப் படித்து இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் பின்தங்கல். பெர்கோனா டூல்கிட்டில் உள்ள பிடி-ஹார்ட்பீட் இதைத்தான் செய்கிறது. நீங்களே எழுதினாலும் இருபது வரிகூட வராது.

இது ஏன் மேல்? மூன்று காரணம்.

முதலாவது, ராத்திரி யாரும் எதையும் எழுதாவிட்டாலும் இது எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் 'வேலை இல்லை' என்பதும் 'தொடர்பு இல்லை' என்பதும் இனி ஒரே மாதிரித் தெரியாது. பிந்தையதில் எண் ஏறும்.

இரண்டாவது, எது கெட்டாலும் எண் ஏறும். நெட்வொர்க் அறுந்தால் ஏறும். டிஸ்க் திணறினால் ஏறும். ரீப்ளே நின்றால் ஏறும். துடிப்பை எழுதுகிற புரோக்ராமே செத்தாலும் ஏறும். கடைசியது பொய் அலாரம்தான், ஆனால் சத்தம் போடுகிற பொய். அந்த 0 செய்தது அமைதியான பொய். இரண்டில் எது வேண்டும் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

மூன்றாவது நாங்கள் எதிர்பார்க்காதது. ஒவ்வொரு வினாடியும் ஏதோ போய்க்கொண்டிருப்பதால் இணைப்பு சும்மா இருப்பதே இல்லை. ஃபயர்வாலுக்கு அதை மறக்க வாய்ப்பே கிடைக்காது. அளப்பதற்காகப் போட்ட ஒன்று நோயையே தடுத்துவிட்டது.

குறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். என்டிபி சரியாக ஓடவில்லை என்றால் இரண்டு வினாடி வித்தியாசம் இரண்டு வினாடிப் பின்தங்கலாகத் தெரியும். எண் சில நேரம் மைனஸில் போனால் கடிகாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, இது எவ்வளவு தாமதம் என்று சொல்லும். எங்கே தாமதம் என்று சொல்லாது. எங்கே என்பதற்கு மேலே சொன்ன நாலு இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

0 என்று ஒன்று உண்டா

இவ்வளவும் செய்தால் பின்தங்கல் 0 ஆகிவிடுமா? ஆகாது. ப்ரைமரி எழுதி முடித்து, வாடிக்கையாளருக்குச் 'சரி' சொல்லிவிட்டு, பிறகு ரெப்ளிகாவுக்கு அனுப்பும் முறையில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். கொஞ்சம் என்பது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சிக்கல் வரலாம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் இணைப்பு 43 வினாடி மட்டும் அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை சர்வர்களை ப்ரைமரியாக உயர்த்திவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டும் மேற்குக்கு வந்து சேராத மாற்றங்கள் கொஞ்சம்; அதற்குப் பிறகு மேற்கில் எழுதப்பட்ட புது மாற்றங்கள் நிறைய. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்து முழுச் சேவைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிஷம் ஆனது. அவர்களுடைய பரபரப்பான ஒரு கிளஸ்டரில் அப்படிச் சிக்கியது வெறும் 954 மாற்றங்கள்.

ரெப்ளிகா வாங்கிவிட்டேன் என்று சொல்லும்வரை வாடிக்கையாளருக்குச் 'சரி' சொல்லாதே என்று கட்டாயப்படுத்தலாம். போஸ்ட்கிரஸில் சின்க்ரனஸ் முறை, மை எஸ்கியூஎல்லில் செமி-சின்க். ஒவ்வொரு எழுத்தும் போய்வரும் நேரத்துக்குக் காத்திருக்கும் என்பது அதன் விலை. மை எஸ்கியூஎல்லில் இன்னொரு சங்கதி: ரெப்ளிகா 10 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், இயல்பாக, செமி-சின்க் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு பழைய முறைக்குப் போய்விடும். ஆர்டர்கள் நிற்காது. பாதுகாப்பு போனது வெளியில் தெரியாது. அதற்கும் ஒரு நிலை எண் இருக்கிறது. அதைக் கண்காணிக்காமல் செமி-சின்க் வைத்திருப்பதும் வைக்காததும் ஒன்றுதான்.

அதனால் இப்போதெல்லாம் எங்கே வேலைக்குப் போனாலும் அளவுகளுக்கு முன்னால் ஒரு கேள்வியை வியாபாரம் பார்க்கிறவர்களிடம் கேட்கிறேன். எத்தனை வினாடி ஆர்டர் தொலைந்தால் உங்களால் போன் செய்து சமாளிக்க முடியும்? "ஒண்ணுகூட தொலையக் கூடாது" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதன் விலையைச் சொன்னதும் "சரி, அஞ்சு வினாடி" என்று இறங்குவார்கள். அந்த அஞ்சுதான் அலாரத்தின் எல்லை. அதைத் தாண்டியிருக்கும்போது ஃபெயில்ஓவர் செய்ய வேண்டுமானால், ஒருவர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். அன்றைக்கு ரெப்ளிகா 28 நிமிஷம் பின்னால் இருக்கிறது என்று தெரிந்திருந்தாலும் ஒருவேளை நாங்கள் மாற்றித்தான் இருப்போம். வேறு வழி இல்லை. ஆனால் ஆர்டர் எண்ணைப் பத்தாயிரம் தள்ளி ஆரம்பித்திருப்போம். ஆறு மணிக்கே எல்லாருக்கும் 'மறுபடி போடுங்கள்' என்று மெசேஜ் அனுப்பியிருப்போம். அந்த அம்மாவுக்கு ஏழரை வண்டியில் வெங்காயம் போயிருக்கும்.

என் கண்காணிப்புப் பட்டியல் இன்றைக்கு இவ்வளவுதான்: துடிப்பு டேபிளின் வயது, ப்ரைமரி பக்கத்திலிருந்து நாலு இடங்களின் பைட் இடைவெளி, இணைந்திருக்கும் ரெப்ளிகாக்களின் எண்ணிக்கை, ஸ்லாட்டுகள் பிடித்து வைத்திருக்கும் அளவு, செமி-சின்க் இன்னும் விழித்திருக்கிறதா என்பது. கிராஃபில் சராசரியைப் போடுவதில்லை, அந்த நிமிஷத்தின் உச்சத்தைப் போடுகிறேன். 55 வினாடி நன்றாக இருந்து 5 வினாடி கெட்டதைச் சராசரி மென்று விழுங்கிவிடும்.

கூடவே, மாதம் ஒருதடவை ரெப்ளிகாவுக்குப் போகும் பாக்கெட்டுகளை வேண்டுமென்றே ஃபயர்வாலில் கீழே போடச் சொல்லிவிட்டு, கையில் கடிகாரத்தோடு டாஷ்போர்டின் முன்னால் உட்காருவேன். எண் எத்தனை வினாடியில் ஏற ஆரம்பிக்கிறது, போன் எப்போது அடிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். உங்களிடம் ரெப்ளிகா இருந்தால், சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரிலாவது இந்த வாரம் ஒருதடவை செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம் கழித்தும் 0 என்றே காட்டினால், உங்களுக்கும் எனக்கு வந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறது.